கந்தையரின் நாய்

14 யூலை 1964, செவ்வாய். நெடுந்தீவு

சோளகக் காற்று இரைகிறது. ஆஸ்பத்திரிக் கதவெல்லாம் அடித்தபடி. பஞ்சு முடிந்துவிட்டது, யாழ்ப்பாணத்துக்கு எழுத வேண்டும்.

மகேஸ்வரிக்கு இன்றும் தொப்புளைச் சுற்றி விசர்நாய்க்கடி ஊசி. கடித்த அன்றே தொடங்கியது, இன்று பன்னிரண்டாம் நாள். கடித்தது பக்கத்து வீட்டுக் கந்தையரின் நாய். "அடிச்சுக் கடலிலை போட்டிட்டன்" என்று அன்றே சொல்லிவிட்டார். கடித்த நாய்க்கு இந்தத் தீவில் அதுதான் விதி. கட்டிவைத்துப் பாருங்கோ, பத்து நாள் சாகாவிட்டால் விசர் இல்லை, ஊசி வேண்டாம் என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்! கேட்டால்தானே.

"கால் விறைச்சுக் கிடக்கு ஐயா" என்றாள். நடந்து வந்த களை என்றேன்.

15, புதன்

இரண்டு காலும் விழுந்துவிட்டன. காய்ச்சல். சிறுநீர் அடைப்பு, குழாய் வைத்து எடுத்தேன். கைக்குழந்தையோடு நின்ற புருஷனைப் பார்த்து "ஆர் நீங்கள்?" என்கிறாள்.

மாமியார் வாசலில்: "விசர் ஏறிட்டுது. பிள்ளையைக் கிட்டக் கொண்டு போகாதையுங்கோ. தண்ணி காட்டாதையுங்கோ."

மூதேவி. ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்தாள். விசர் என்றால் தொண்டை இழுத்திருக்கும்.

அப்படியென்றால் என்ன? எனக்குப் பயமாயிருக்கிறது.

16, வியாழன்

யாழ்ப்பாணம் கொண்டுபோக லோஞ்சுப் படகு இல்லை. கடல் விடவில்லை. தபால் கந்தோர் போனில் யாழ்ப்பாணத்துப் பெரிய டொக்டர், பாதி இரைச்சல். அந்த ஊசிமருந்து ஆட்டு மூளையில் செய்வதாம். அபூர்வமாகச் சிலருடைய உடம்பு அதோடு சண்டைக்குப் போய், தன் மூளையையும் முள்ளந்தண்டையுமே வீங்க வைத்துவிடுமாம். ஊசியை நிறுத்தி, வீக்கம் தணியக் கோட்டிசோன் கொடுக்க வேண்டும். ஆனால் நாய்க்கு விசர் இருந்திருந்தால், நிறுத்தினாலும் சாவு, தொடர்ந்தாலும் சாவு.

"நாய் உயிரோடை இருந்தால் யோசிக்காமல் நிறுத்தலாம்" என்றார். நாய்க்கு எங்கே போவேன்?

பின்னேரம் கந்தையர் வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஐயா, கடலிலை போடேல்லை. அடுத்த தீவிலை, இறுப்பிட்டியிலை தங்கச்சி வீட்டிலை விட்டனான். சொன்னால் ஊர் அடிச்சுக் கொல்லும் எண்டு..."

"உயிரோடையோ?"

"ஓம். முந்தநாள் வந்த மீன்காரர் கண்டவை. வாலாட்டிக்கொண்டு திரியுதாம்."

அறைவதா, கும்பிடுவதா! கடித்துப் பத்து நாள் கடந்தும் நாய் சாகவில்லை. அப்போ ஊசிதான். நான் போட்ட ஊசி.

நிறுத்தினேன். மூச்சிழுப்புக்காரருக்கென்று அலுமாரியில் கொஞ்சம் கோட்டிசோன் இருந்தது. உடனே தொடங்கினேன்.

17, வெள்ளி

காற்றுத் தணிவு. காலையில் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாளாம். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். கால் விரல் இன்னும் அசையவில்லை. கட்டிலோடு லோஞ்சில் ஏற்றி அனுப்பினோம். நடப்பாளோ தெரியாது.

திரும்பி வந்தால் விறாந்தையில் ஒரு பெண். முழங்கையில் துணிக்கட்டு, இரத்தம் ஊறி. தெருநாய். கூட வந்த தமையனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நாயை அப்பவே அடிச்சுக் கடலிலை போட்டிட்டம் ஐயா."

"ஊசி நோகுமோ?" என்று அவள் கேட்டாள்.

சிரிஞ்சை அவிய வைத்தேன்.