காப்புக் கட்டிய பிறகு

மே 9, வெள்ளி

மாரியம்மன் திருவிழாவுக்கு இன்று காப்புக் கட்டியாகிவிட்டது. கரகம் சோடித்துக் கோயிலில் வைத்திருக்கிறார்கள். அதைத் தூக்கப்போவது அப்பா. இனிப் பத்து நாள் யாரும் தேயிலைத் தோட்டத்து எல்லைக்கு வெளியே இராத் தங்கக் கூடாது. மாத்தளை பாமசியில் மருந்து விற்கும் வேலை முடிந்து பஸ் கிடைக்காவிட்டாலும் நான் நடந்தாவது எல்கடுவைக்கு வந்து சேர வேண்டும். ஆத்தா கோபிப்பாளாம்.

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மண்மேட்டில் ஒரு வெடிப்பு. என் விரல் ஒன்று நுழைகிறது.

மே 12

மழை விடவில்லை. இரண்டு விரல். வெடிப்புக்கு இரண்டு பக்கமும் தேயிலைக் குச்சி நட்டிருக்கிறேன். பக்கத்துக் காம்பரா வீட்டு சசிக்குமார் அண்ணன் சிரித்தான்: "என்னா புள்ள, ஆத்தாளுக்கு இங்கயும் பந்தலா?"

மே 13

கிராம சேவகர் வந்தார். மேடு சரியலாம், இருபத்தெட்டுக் குடும்பமும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்றார். ஒருவரும் அசையவில்லை. ஆறுதான் எல்லை.

அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். போன வருசமும் கடிதம் வந்தது: அபாயமான இடம். அபாயமில்லாத இடம் எது, அதில் எங்களுக்கு எத்தனை பேர்ச் நிலம் என்று எந்தக் கடிதத்திலும் இல்லை. துரை பங்களா மேடு மட்டும் ஏன் சரிவதில்லை? பாறை பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு மண்ணும் மாரியம்மனும்.

மே 14

மூன்று விரல். குச்சி ஒன்று சாய்ந்துவிட்டது.

அம்மாவிடம் கெஞ்சினேன். "ஆத்தா பாத்துக்குவா. குளவி கொட்டுனப்ப என்னய யாரு காப்பாத்துனா?" என்றாள். காப்பாற்றியது ஆஸ்பத்திரி. அவளைக் கம்பளியில் போட்டு இரண்டு கட்டை தூரம் தூக்கி ஓடியது அப்பா. சொன்னேன். "அவருக்கு ஓடத் தெம்பு குடுத்தது யாரு?"

இதுவா நம்பிக்கை? இது சூதாட்டம். பணயம் எங்கள் மூன்று உயிர்.

மே 15

பள்ளிக்கூடத்திலிருந்து எழுதுகிறேன்.

மத்தியானம் பின்சுவரில் சேற்றுத் தண்ணீர் கசிந்தது. கோயிலுக்கு ஓடினேன். "காப்புக் கட்டிட்டு எல்லைக்கு வெளிய தங்குனா ஊருக்கே ஆகாது புள்ள," என்றார் அப்பா. எனக்குத் தலைக்கேறிவிட்டது. காலில் செருப்போடு உள்ளே நின்று கத்தினேன்: "அப்ப ஒங்க ஆத்தாளயும் தூக்கிட்டு வாங்களேன்! அவளும் மண்ணுக்குள்ள போகணுமா?"

ஏசத்தான் சொன்னேன். சத்தியமாக ஏசத்தான்.

அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்பா என் செருப்பைப் பார்த்தார். பிறகு கரகத்தை. "ஆத்தா போற எடந்தான் எல்ல," என்றார். தூக்கித் தலையில் வைத்தார். தப்பு அடிக்கச் சொன்னார். இருபத்தெட்டுக் குடும்பமும் பின்னால் வந்தது.

பாலத்துக்கு மேல் முழங்கால் தண்ணீர். நாங்கள் பாலத்துக் கைப்பிடிக் கயிற்றைப் பிடித்தோம். கரகம் எடுத்தவர் கையால் எதையும் பிடிக்கக் கூடாது. நடுப்பாலத்தில் அப்பாவின் கால் ஒருமுறை வழுக்கியது —

என் வாய் யாரைக் கூப்பிட்டது என்று எழுத மாட்டேன். அம்மாவுக்குக் கேட்டுவிட்டது.

மே 16

மேடு சரியவில்லை.

மே 18

இன்னும் சரியவில்லை. வெயில் வேறு. "சாமிய ட்ரிப் கூட்டிட்டு வந்த புள்ள" என்று சசிக்குமார் அண்ணன் எனக்குப் பேர் வைத்துவிட்டான்.

அம்மா: "பாத்தியா, ஆத்தா மேட்டப் புடிச்சு வச்சிருக்கா." சரிந்திருந்தால், ஆத்தா நம்மை வெளியே கூட்டிவந்தாள் என்பாள். எப்படியும் வெற்றி அவளுக்குத்தான். சரிந்து தொலைக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். சே! என்ன பிறவி நான்?

மே 19

திருவிழாவைப் பள்ளிக்கூட மைதானத்திலேயே முடித்துக் கரகத்தை ஆற்றில் குடிவிட்டோம். பூ ஆற்றோடு போனது. வெறும் செம்பு அப்பா கையில். காப்பையும் அறுத்தாயிற்று. எல்லோரும் லயத்துக்கே திரும்பிவிட்டோம். வேறெங்கே போவது?

ஜூன் 3

மறுபடி மழை. குச்சியைப் பார்த்துவிட்டு வந்தேன். நான்கு விரல். இப்போது தூக்கக் கரகமும் இல்லை. இவர்களை எதைச் சொல்லிக் கிளப்புவது என்று யோசித்தபடி உள்ளே நுழைந்தேன்.

கதவோரம் கரகச் செம்பு. உள்ளே பொலித்தீன் பையில் சுற்றி எங்கள் மூவரின் அடையாள அட்டை, அம்மாவின் மருந்து, டோர்ச்.

"எத்தன விரலு?" என்றார் அப்பா.

சொன்னேன்.

எழுந்து சாரத்தை மடித்துக் கட்டினார். அம்மா அடுப்பை அணைத்தாள்.