பெயர் வாசிக்காத பூசை

மே 10, வெள்ளி

பொலிஸ் பொறுப்பதிகாரி தொலைபேசியில் அழைத்தார். மிகுந்த மரியாதை. போர் முடிந்த நினைவுநாளான பதினெட்டாம் திகதிப் பூசையில் காணாமல் போனவர்களின் பெயர்களை வாசித்தால் பயங்கரவாதத் தடைச் சட்டம் பாயுமாம். "சரி சேர்" என்றேன், அதுவும் எழுந்து நின்று. தொலைபேசிக்கு எழுந்து நின்ற பாதர் இந்த வாவிக்கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மே 12, ஞாயிறு

பங்குமனையில் எனக்குச் சமைக்கும் றோஸ்மேரி அக்கா, வழக்கம்போல மகன் பெயரை எழுதித் தந்தார். நிலோஜன். பதினேழு வருடங்களுக்கு முன் இராணுவச் சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள். ஒவ்வொரு மே மாதப் பூசையிலும் 'வீடு திரும்ப வேண்டியவர்கள்' மன்றாட்டில் வாசிப்பேன். துண்டை வாங்கிப் பைக்குள் வைத்தேன், பொலிஸ் சொன்னதையும் சேர்த்து.

மே 16, வியாழன்

எட்டு வருடம் இறையியல் படித்தது வீண்போகவில்லை. வழி கண்டுபிடித்துவிட்டேன்: பெயர்களே வேண்டாம், 'மரித்தோர் அனைவருக்காகவும்' என்று பொதுவாக முடித்துவிடலாம். கடவுளுக்கு ஆட்களைத் தெரியாதா என்ன? என் கெட்டித்தனத்தை மெச்சி இன்னொரு தேத்தண்ணி குடித்தேன். சீனி போட்டு.

மே 18, சனி

பொதுவாகவே வாசித்தேன். கடைசி வாங்கில் சிவில் உடுப்பில் உட்கார்ந்திருந்த பொலிஸ்காரர் தலையாட்டினார். பாராட்டு வேறு!

பூசை முடிய அக்கா வந்து நின்றார்.

"என்ட புள்ளைய நானே இன்னும் சாகக் குடுக்கல்ல பாதர். நீங்க எப்பிடிக் குடுத்தீங்க?"

ஐயோ. அரசாங்கம் எத்தின வருசமா மரணச் சான்றிதழ நீட்டுது, மனிசி வாங்கல்ல. நான் பீடத்தில வெச்சே குடுத்திட்டன் — நானெல்லாம் ஒரு குருவானவனா?

மே 21, செவ்வாய்

மதியம் இறால் கறி. உப்பு, புளி எல்லாம் அளவு. கோபத்தில் உப்பை அள்ளிப் போட்டிருந்தால் நிம்மதியாகத் தின்றிருப்பேன். பாதியிலேயே கைகழுவினேன்.

மே 26, ஞாயிறு

வாசித்தேன். வீடு திரும்ப வேண்டியவர்கள்: நிலோஜன். நான் நிறுத்தியதும் பாட்டுக்குழுப் பேர்னாட் எழுந்து தன் தம்பியின் பெயரைச் சொன்னார். பிறகு ஒரு அம்மா. பிறகு இன்னொருவர். பதினொரு பெயர்கள். கடைசி வாங்கில் பொலிஸ்காரரின் பேனை ஓடிக்கொண்டே இருந்தது.

பின்னேரமே பொலிஸ் கடிதம் வந்துவிட்டது: நாளை ஒன்பது மணிக்கு விசாரணை. அக்கா தானும் வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன்.

"உங்களுக்குப் பயம் பாதர். எனக்கு அந்த வாசல் பழக்கம். விடியச் சாப்பிட்டுட்டு வெளிக்கிடுங்க, பொழுதுபட மட்டும் இருத்தி வெப்பாங்க."