பம்ப் அறையிலிருந்து மன வகுப்பு

நாள் 212 | 07:10
பம்ப் அழுத்தம் சரி. அறை வெப்பம் சரி. பனி உருக்கும் கலம் வழக்கம்போல் முனகுகிறது. இடம்: சந்திரனின் தென்முனை, மூன்றாம் பனிக்குழி முகாம். எழுதுபவன் மிக்கேல், ஃபிட்டர். பத்தாவது பாஸ், அதற்குமேல் ஐ.டி.ஐ.

மற்ற பெரியவர்கள் ஐந்து பேரும் வண்டியில் வடக்கு முகாமுக்குச் சாமான் எடுக்கப் போயிருக்கிறார்கள். இருப்பது நானும் மூன்று பிள்ளைகளும். என் மகள் ஜெசிந்தா, பதினாறு. ரிஸ்வானா, பதினைந்து. தவசி, பதினான்கு. இவர்கள் இருவரின் பெற்றோரும் அந்த வண்டியில்தான்.

இன்று மாலை மன வகுப்பு. வாரம் ஒருமுறை பிள்ளைகளுக்கு நடத்தியே ஆகவேண்டும் என்பது முகாம் விதி. நடத்திவந்த டாக்டரம்மா பூமிக்குத் திரும்பிவிட்டார். எந்நேரமும் சிரித்துக்கொண்டு திரிகிறவன் இவன்தானே, இவன் மனசு நல்லாத்தான் இருக்கும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நூற்று நாற்பது பக்கக் கையேடு. பம்ப் கையேடே எனக்குப் படம் பார்த்துத்தான் புரியும். இதில் படமும் இல்லை.

நாள் 212 | 16:35
நில அதிர்வு. சுரங்கப்பாதை இடிந்துவிட்டது. பிள்ளைகள் காப்பறையில், பத்திரம். நான் பம்ப் அறையில். நடுவில் முப்பது மீட்டர் கல். வெளியே போகும் கதவும் அதற்கு அடியில். ஆண்டெனா போயிற்று. சூரியத் தகட்டுக் கேபிள் அறுந்தது. இன்டர்காம் மட்டும் வேலை செய்கிறது.

சாப்பாடு இரண்டு பக்கமும் இருக்கிறது. அவசர பேட்டரி என் பக்கம். அதிலிருந்துதான் இரண்டு அறைக்கும் மின்சாரம். வண்டி திரும்ப ஒன்பது நாள் ஆகும். இரண்டு அறையையும் சூடாக வைத்தால் பேட்டரி ஆறு நாள் தாங்கும். காப்பறைக்கு மட்டும் கொடுத்தால் பத்து நாள். பள்ளிக்கூடத்தில் நான் கணக்கில் வீக். இந்தக் கணக்கு உடனே புரிந்தது.

என் ஹீட்டரை நிறுத்திவிட்டேன். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அங்கே இருக்கும் மின் பேனலை யாரும் தொடக்கூடாது என்று மட்டும் சொன்னேன்.

நாள் 213 | 08:00
நேற்று விட்டுப்போன வகுப்பை இன்டர்காமில் நடத்தினேன். கையேட்டைத் திறக்கவில்லை. சொந்தச் சரக்கு.

"யாரும் பயப்படக் கூடாது. யாரும் அழக் கூடாது. ஏல தவசி, நீ சிங்கம்லா."

"சரி மாமா."

பிறகு மூன்று ஜோக் சொன்னேன். இரண்டுக்குச் சிரித்தார்கள். வகுப்பு வெற்றி என்று எழுதிவைத்தேன்.

நாள் 214 | 19:20
வெற்றி என்று எழுதியதை அடித்துவிட்டேன். தவசி நேற்றிலிருந்து பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. எட்டு தடவை "சாப்டியால" என்று கேட்டேன். ஒன்பதாவது தடவை ஜெசிந்தா பொத்தானை அழுத்தினாள்.

"அப்பா, சாப்டியா சாப்டியான்னு கேக்கத நிப்பாட்டுங்க. அவன் பயந்துபோய்க் கெடக்கான். நீங்க பயப்படக் கூடாதுன்னுட்டீங்க. இப்ப அத வெளிய சொல்ல வெக்கப்படுதான்."

கையேட்டைத் திறந்தேன். முப்பத்தொன்றாம் பக்கம்: 'பயத்தை விரட்டாதீர்கள். அது உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.' இது எனக்குத் தெரிந்த வேலைதான். குழாய் கசிந்தால் குழாயைத் திட்டமாட்டோம், கசிகிற இடத்தைத்தான் தேடுவோம்.

என் அறை வெப்பம் பூஜ்யம்.

நாள் 215 | 08:00
கேட்டேன். ரிஸ்வானா முதலில் சொன்னாள்.

"தொண்டையில, அங்கிள். கல்லு மாதிரி."

தவசிக்குப் பதினொரு நிமிடம் காத்திருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததில் இதுதான் அதிகபட்சம்.

"வயித்துல."

"எவ்ளோ பெருசுல?"

"ஃபுட்பால் சைசு."

அந்த இடத்தில் கையை வைக்கச் சொன்னேன். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் குரல்.

"மாமா, இப்ப வாலிபால் சைசு."

"ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதாம்ல. டென்னிஸ் பந்து ஆகட்டும், அப்ப வந்து சொல்லு."

சிரித்தான். அரைப் பாக்கெட் உப்புமா சாப்பிட்டிருக்கிறான். ஜெசிந்தா கேட்டாள்:

"உங்களுக்கு எங்க இருக்குப்பா?"

"எனக்குக் கல்யாணத்தன்னைக்குத் தவிர பயமே வந்ததில்ல மக்கா."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

நாள் 217 | 14:10
மைனஸ் ஒன்பது. விண்உடைக்குள் இருக்கிறேன். அதில் கொஞ்சம் சூடு மிச்சம் இருக்கிறது.

மற்ற இருவரும் தூங்கும்போது ஜெசிந்தா கூப்பிட்டாள். அவள் அம்மா அமலி இறந்து நான்கு வருடம். அதைப்பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

"அம்மா செத்தப்பவும் இப்படித்தான். நாப்பது நாளும் சாப்டியான்னு மட்டும் கேட்டீங்க. துக்கத்துக்கு வந்தவங்களச் சிரிக்க வச்சீங்க. நான்தான் தப்பா அழுதுட்டு இருக்கேனோன்னு நெனச்சேன்."

வாய்க்கு வந்த ஜோக்கை விழுங்கினேன். உண்மையைச் சொன்னேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன் என்று.



"தண்ணிய வீணாக்குதீங்கன்னு ஒருநா உங்கள ஏசுனேன்லா?"

"ஆமா."

"சொல்லிருக்கலாம்லாப்பா."

சொல்லியிருக்கலாம்.

நாள் 218 | 10:45
விண்உடையின் பேட்டரி தீர்ந்தது. மைனஸ் பத்தொன்பது. பேனா உறைகிறது. கக்கத்தில் வைத்துச் சூடாக்கி எழுதுகிறேன்.

ஜெசிந்தா பேனலைத் திறந்துவிட்டாள். என் மகள், சொன்ன பேச்சு கேட்கமாட்டாள்.

"அப்பா, உங்க அறைக்கு நேரா ஜீரோ காட்டுது. மீட்டர் ரிப்பேரா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இருபது வருடம் மேஸ்திரிகளிடம் அதைத்தான் சொல்லிவந்திருக்கிறேன்.

"ரிப்பேர் இல்ல மக்கா."

"எப்பருந்து?"

"மொத நாள்ல இருந்து."

ரிஸ்வானா இன்டர்காமுக்கு வந்தாள். "எங்க ஹீட்டர நிப்பாட்டுங்க அங்கிள். நாங்க மூணு பேரும் ஒட்டிப் படுத்துக்கிடுதோம்."

முடியாது என்றேன். அந்த அறையில் காற்றைச் சுத்தம் செய்யும் எந்திரம் குளிர்ந்தால் நின்றுவிடும். மூன்று பேர் மூச்சுக்கு அது வேண்டும்; எனக்கு இந்தப் பெரிய அறையின் காற்றே போதும். சுவிட்ச் என் பக்கம். இதில் ஓட்டெடுப்பு இல்லை.

மூன்று பேரும் அழுதார்கள். எனக்குக் கேட்கட்டும் என்று பொத்தானை அழுத்தியபடியே அழுதார்கள். அவர்கள் விட்டதும் நான் அழுத்திக்கொண்டு அழுதேன். திறந்துவிட இங்கே தண்ணீர் இல்லை, குழாயெல்லாம் உறைந்துவிட்டது.

நாள் 219 | 08:00
இன்று வகுப்பை ஜெசிந்தா எடுத்தாள்.

"அப்பா, எங்க இருக்கு?"

"பாதத்துல. அந்தப் பாதம் எங்க இருக்குன்னுதான் தெரியல."

தவசி மட்டும் சிரித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான். சிரிக்கலாம்ல என்றேன்.

பிறகு பாடம். நான் பதில் சொல்லாமல் போகும் நாளில் என்ன செய்வது என்று. ஒருவர் அழுதால் மற்ற இருவர் பக்கத்தில் உட்கார வேண்டும், சமாதானம் சொல்ல அவசரப்பட வேண்டாம். ஒருவர் சாப்பிடாவிட்டால் கேட்டுக் குடையாமல் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் சாப்பிட வேண்டும். எவராவது உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்று நினைத்தால், அதை அந்த நிமிடமே சத்தமாகச் சொல்லிவிட வேண்டும். தவசியைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒரு வரிகூட விடவில்லை. நான் பத்தாவதில் இப்படிப் படித்திருந்தால் வேறு எங்கோ இருந்திருப்பேன்.

நாள் 220 | 08:00 | குரல் பதிவு
விரல் வரவில்லை. நான் சொல்வதைக் கருவி எழுதுகிறது. காப்பறைக்குப் பேட்டரி இன்னும் இரண்டு நாள். வண்டி நாளை. போதும்.

கண்டெடுப்பவர்களுக்கு. இதை ஜெசிந்தாவிடம் கொடுங்கள். இன்டர்காமில் அவர்கள் பேசுவது கேட்கிறது. நான் பேசப் பொத்தானை அழுத்த வேண்டும். முழங்கையால் அழுத்திப் பார்த்தேன். முடியவில்லை.

வகுப்பு தொடங்கிவிட்டது.

"தவசி?"

"நெஞ்சுல."

"ரிஸ்வானா?"

"எல்லா எடத்துலயும்."

"அப்பா?"

இங்கதான் இருக்கேன்.

"அப்பா, பதில் சொல்ல முடியலேன்னா பரவால்ல. கேட்டுட்டு இருக்கீங்கன்னு வச்சிக்கிடுதேன்."

வச்சிக்கோ. கேட்டுட்டுத்தான்

இப்போது தவசி.

"ஒங்களுக்கு எங்க இருக்குக்கா?"

அவள் பேசவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. நல்ல பிள்ளைகள்.

"அம்மா போனப்ப இருந்துச்சே, அதே எடத்துல."

எனக்கும் மக்கா. எனக்கும் அங்க