பாயில் எனக்குப் பிடித்து வைத்த இடம்

அக்கா,

இன்று ஞாயிற்றுக்கிழமை. நான் கோயிலுக்குப் போகவில்லை. வலது முழங்கால் வீங்கிவிட்டது. கட்டிலிலிருந்து கதவுவரை சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன். நேற்றெல்லாம் பெய்த மழையில் ஓடு ஒழுகி, ஆணியில் தொங்குகிற உங்கள் கொங்காடைமேல் சொட்டியிருக்கிறது. வீடு முழுக்க ஈரச் சாக்கு வாசனை. சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் தள்ளித் தலையில் மாட்டிக்கொண்டு, மழையோடு மழையாகக் காப்பிப்பழம் பறிப்போமே, அந்தச் சாக்குத்தான். இந்த வாசனை வந்தால் நீங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். திரும்பினால் சுவர்தான் இருக்கிறது.

உங்களுக்கு எழுத்துத் தெரியாது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். வாசிக்கத் தெரியாதவருக்கு எதற்கு எழுதுகிறாய் என்று யாராவது கேட்கலாம். பேச ஆளில்லை, எழுதுகிறேன்.

நம் இடம் பெண்கள் பக்கம் மூன்றாவது பாய், தூணை ஒட்டி. பாட்டு நம்பர் சொன்னதும் நான் புத்தகத்தைப் பிரித்து, ஒவ்வொரு வரியையும் உங்கள் காதில் முன்னாடியே சொல்லிவிடுவேன். நீங்கள் அதை வாங்கிக் கோயிலே அதிரப் பாடுவீர்கள். ஒருநாள் நான் வரி மாற்றிச் சொல்லிவிட்டேன். நீங்களும் நம்பிக்கையாக அதையே ஓங்கிப் பாடிவிட்டீர்கள். பிரசங்க மேடையிலிருந்த போதகரே சிரித்துவிட்டார். வெளியே வந்து என் தொடையில் கிள்ளினீர்களே, அந்த இடம் இரண்டு நாள் கன்றிப்போயிருந்தது.

கோயில் மணியை அப்போது என் வீட்டுக்காரர்தான் அடிப்பார். எஸ்டேட்டில் வேலை, ஞாயிறு மட்டும் மணி. மூன்று அடித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். மறுபடி மூன்று. அந்த நிறுத்தத்துக்குள் நான் தலைவாரி முடித்துவிடுவேன். மார்கழிப் பனியில் நெஞ்சில் சளி கட்டி, நாலே நாளில் அவர் போய்விட்டார். நான் எவ்வளவு ஜெபம் பண்ணினேன் என்று உங்களுக்குத் தெரியும். முழங்கால் போட்டது நாம் இரண்டு பேரும்தானே.

அடக்கம் முடிந்து வந்த ஞாயிறு, புதிதாக வந்தவர் மணி அடித்தார். நிறுத்தமே இல்லாமல் தடதடவென்று ஒரே அடி. கதவைச் சாத்திக்கொண்டேன். அன்று போகவில்லை. அடுத்த வாரமும் போகவில்லை. அப்புறம் போகாமல் இருப்பதே பழகிவிட்டது.

நீங்கள்தான் விடவில்லை. ஞாயிறுதோறும் இந்தச் சாக்கை மடித்துத் தூண் ஓரத்தில் என் இடத்தில் போட்டுவைப்பீர்களாம். யாராவது உட்கார வந்தால், "ஆளு வருதுங்க" என்பீர்களாம். ஆராதனை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வருவீர்கள்.

"ஏம்புள்ள, இன்னைக்கும் என்ற சாக்குத்தான் உனக்குப் பதிலா பிரசங்கங் கேட்டுச்சு. நொம்ப நல்லாக் கேட்டுக்குச்சு. உன்னையாட்டம் தூங்கி விழுகலெ."

"ஊட்டுலயே ரேடியோவுல பிரசங்கங் கேக்கறனுங்கக்கா. கர்த்தரு ஊட்டுல இல்லீங்களா?"

"அவரு எங்கீமு இருக்கறாரு. இருக்கட்டும். நீ வராட்டி, ஏன் வர்லீன்னு அந்த ரேடியோப் பொட்டி உன்னையக் கேக்குமா?"

"அந்த மணிச் சத்தம் எனக்கு ஆகறதில்லீங்க."

"உன்ற ஊட்டுக்காரரு அடிச்சது மட்டும் என்னவாம்? ஆட்டுப்பட்டி மணியாட்டந்தான் இருந்துச்சு. அதுக்குன்னு நாங்க வராம இருந்தமா?"

அவர் போனபிறகு நான் முதல்தடவை சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துவிட்டு அழுதேன். நீங்கள் அடுப்பைப் பற்றவைத்து, கடுங்காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அப்போதும் நான் கோயிலுக்கு வரவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடிவிட்டது. வரி சொல்ல ஆளில்லாமல் உங்கள் வாய் அங்கே மூடிக்கிடந்தது என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு என் துக்கம்தான் பெரிதாக இருந்தது. நீங்களும் அதைச் சொல்லிக் கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமையைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை, அக்கா. பஜாரில் உப்பும் தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டு நின்றேன். தூறலில் கொங்காடையைப் போட்டுக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தீர்கள். மறுநாள் காலை பஸ்ஸில் அடிவாரத்துக்கு மகள் வீட்டுக்குப் போவதாகக் கோயிலில் எல்லோரிடமும் சொல்லியிருந்தீர்கள்.

"நாளைக்குக் கோயிலுக்கு வர்றீன்னு சொல்லு, நான் பயணத்தத் தள்ளிப் போட்டுக்கறேன். மக எங்கயும் ஓடிப்போயிர மாட்டா."

கையை விட்டால் போதும் என்றிருந்தது எனக்கு. "வர்றனுங்கக்கா" என்றேன்.

"நெசமாத்தானா? ஏமாத்துனீன்னா இழுத்துட்டுப் போக ஊட்டுக்கே வந்திருவேன்."

"நெசமாத்தானுங்க."

உங்கள் முகம் அப்போது எப்படி ஆனது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

மறுநாள் குளித்தேன். வெள்ளைச் சேலை கட்டினேன். பாட்டுப் புத்தகத்தைக்கூடத் துடைத்துக் கையில் எடுத்தேன். வாசல்படியில் கால் வைக்கும்போது அந்தத் தடதட மணி அடித்தது. திரும்பி உள்ளே வந்து, சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, ரேடியோவைத் திருகினேன். நீங்கள் வந்து திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் வரவில்லை. என்மேல் கோபம் போல என்று நினைத்துக்கொண்டேன். அதோடு விட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலமே, வீட்டுக்குக் கீழே பாறைச் சரிவில் விறகோடு வழுக்கி விழுந்திருக்கிறீர்கள். இடுப்பு எலும்பு முறிந்து எழ முடியவில்லை. உங்கள் வீடோ தனி வீடு. அந்தத் தடத்தில் நடப்பவர்கள் எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள்தான், ஞாயிறு அவர்களுக்கு லீவு. கோயிலில் உங்கள் இடம் காலியாக இருந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மக ஊட்டுக்குப் போயிருக்கும் என்று இருந்துவிட்டார்கள். நீங்கள் போகவில்லை என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்த ஒருத்தி கோயிலில் இல்லை. திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போன பெண்கள் பார்த்துத்தான் ஆள் கூட்டித் தூக்கினார்கள். இந்தச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தீர்களாம்.

சேலம் ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது உங்கள் கை வாழைத்தண்டு மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.

"மணி அடிச்சது எனக்குக் கேட்டுது புள்ள. நீ அங்க இருப்பே, நான் வராததப் பாத்துப்போட்டு, ஆராதனை முடிஞ்சதும் தேடிட்டு வருவீன்னு இருந்தேன். காலடிச் சத்தம் கேக்குதான்னு காதக் குடுத்துட்டே கெடந்தேன்."

நான் உங்கள் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள்.

"போகலியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். பிறகு, "செரி. இந்த வாரம் போ. ரெண்டு எடமும் காலியாக் கெடந்தா நல்லாவா இருக்கும்?" என்றீர்கள். கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அழுதிருப்பேன்.

அந்த ஞாயிறு போனேன். அடுத்ததும் போனேன். மூன்றாவது ஞாயிறு வருமுன் உங்களை வண்டியில் மலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அடக்கம் முடிந்ததும் உங்கள் மகள், "அம்மாளுதுங்க, நீங்களே வெச்சுக்கங்க" என்று இந்தச் சாக்கைக் கொடுத்தாள்.

இத்தனை வருஷத்தில் காய்ச்சலில்கூடக் கோயிலை நான் விட்டதில்லை. சாக்கை மடித்து உங்கள் இடத்தில் போடுவேன். பாட்டு ஆரம்பித்தால் பழக்கத்தில் வரியை முன்னாடியே முணுமுணுப்பேன். பாட்டு தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும், என் பக்கத்தில் மட்டும் சத்தம் இருக்காது. ஜெபத்துக்குக் கண்ணை மூடுமுன் பாய் பாயாகப் பார்ப்பேன், யார் வரவில்லை என்று. வராதவர் வீட்டுக்கு மத்தியானமே போய்விடுவேன். தூரத்து ஊரான வாழவந்தி என்றாலும் பஸ் ஏறிப் போவேன். சிலர் முகம் சுளிப்பார்கள். வேவு பார்க்க வந்திருச்சு என்பார்கள். சொல்லட்டும்.

இன்று என் இடமும் காலி. காலையில் மணி அடித்தபோது கட்டிலில் கிடந்து கேட்டேன். ஆராதனை முடிகிற நேரம் ஆனது. அதற்கு மேலும் ஒரு மணி நேரம் போயிற்று. யாரும் வரவில்லை. வரமாட்டார்கள், நான் யாருக்கு என்ன என்று நினைத்துக்கொண்டுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் சொன்னதை எழுதிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டினார்கள். சுவரைப் பிடித்து நடந்து போய்த் திறந்தேன். அந்தத் தடதட மணிக்காரர். தலை நரைத்துவிட்டது அவருக்கும். கையில் ஒரு தூக்குப்போசி.

"ஏனுங்கக்கா, தூணோரம் ரெண்டு எடமும் காலியா இருந்துச்சு. மனசுக்கு ஒரு மாதிரியாப் போச்சுங்க. எம்பொண்டாட்டி ரசஞ் சோறு குடுத்துட்டாளுங்க, அதான் நேரமாயிருச்சு. அடுத்த வாரமும் வரலீன்னா மணியக் கழட்டிட்டு வந்து உங்க ஊட்டு வாசல்லயே அடிப்பனுங்க."

அவர் போய் நெடுநேரம் ஆகிறது. சோறு அப்படியே இருக்கிறது, இன்னும் கை வைக்கவில்லை. சாக்கை அடுப்போரம் உலர்த்தப் போட்டிருக்கிறேன், வருகிற ஞாயிறுக்கு வேண்டும்.

படியில் அவர் காலடி கேட்டதும், அப்புறம் கதவைத் தட்டியதும் இன்னும் என் காதில் இருக்கிறது. பாறைச் சரிவில், மழையில், என்னிடமிருந்து நீங்கள் எதிர்பார்த்துக் கிடந்த சத்தம் இவ்வளவுதானே, அக்கா.