இடது கை மாணவியின் படத்தில் வலது கைக் கோடுகள்

அனுப்புநர்:
முதல்வர் (கட்டாய விடுப்பில்),
நகர ஓவியக் கல்லூரி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கலைக் கல்வித் துறை.

பொருள்: இரண்டாம் ஆண்டு மாணவி மீதான பொய்க் குற்றச்சாட்டை ரத்து செய்து, உண்மையில் கோடு போட்டவரை விசாரிக்கக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய இயக்குநர் ஐயா,

1. நான் இந்த நாட்டில் பிறந்தவன் அல்ல. ஓவியனாக வந்து, கடைப் பலகைகளுக்கு எழுத்து வரைந்து, மாலை வகுப்பில் பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, முதல்வர் நாற்காலிவரை வந்தவன். உட்கார்ந்த பிறகு ஒரு படம்கூட வரையவில்லை. கோப்புகளில் கையெழுத்து மட்டுமே போட்டேன். துணை முதல்வர் ஆசிரியர் அறையில் என்னை இன்றுவரை “வந்தவரு” என்றே குறிப்பிடுகிறார். இந்த மனு அதைப் பற்றியது அல்ல. ஆனால் நான் மறக்கவில்லை.

2. ஆண்டுதோறும் கண்காட்சிக்கு முன் மாணவர் படங்களில் ஆசிரியர்கள் கைவைத்து மெருகேற்றுவது இங்கே வழக்கம். “டச்சப்” என்பார்கள். அழுகிய பழத்துக்கு மெழுகு தடவி விற்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மாணவர் தாளில் ஆசிரியர் கை படக்கூடாது என்பதே முதல்வராக நான் போட்ட முதல் விதி. யாரும் மதிக்கவில்லை.

3. உயர்படிப்புத் தேர்வுக்கு இம்மாணவி ஒரு கெட்டிலை வரைந்து கொடுத்தாள். அவள் இடது கைக்காரி. நிழலுக்கு அவள் இழுக்கும் கோடுகள் இடப்பக்கம் சாயும். துணை முதல்வருக்குப் படம் வெளிறித் தெரிந்ததாம். கெட்டிலின் வயிற்றில் தானே நிழலைக் கனமாக்கிவிட்டார். அவர் வலது கைக்காரர். கோடுகள் வலப்பக்கம் சாய்ந்தன. காலமெல்லாம் கோடு கற்பித்தவருக்கு இது உறைக்கவில்லை.

4. படத்தில் இரண்டு கைகள் இருப்பதைத் தேர்வுக் குழு கண்டுபிடித்தது. சரியாகத்தான் கண்டுபிடித்தது. வெளியாளை வைத்து வரைந்தாள் என்று முடிவுகட்டி, அவளைக் கல்லூரியிலிருந்து நீக்கப் பரிந்துரைத்தது. அந்தக் குழுவின் மேசையிலேயே துணை முதல்வர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னிடம் மட்டும் தனியாக, “நான்தான் லேசா டச்சப் பண்ணேன், இப்ப என்ன அதுக்கு? ஒரு பொண்ணுக்காக காலேஜ் மானத்தையே கப்பலேத்தணுமா சார்? உங்க ஊர்ல எப்படியோ, இங்க இப்படித்தான்” என்றார்.

5. நீக்க உத்தரவில் நான் கையெழுத்திட மறுத்தேன். மறுநாளே எனக்குக் கட்டாய விடுப்பு. அவர் பொறுப்பு முதல்வர். வரும் வெள்ளிக்கிழமை மாணவியை விசாரிக்கப்போவதும் அவரே.

6. ஆகவே அவ்விசாரணையைத் தாங்களே நடத்துமாறு வேண்டுகிறேன். கெட்டிலை மேசைமேல் வைத்து, இருவரையும் தங்கள் முன் வரையச் சொல்லுங்கள். இரண்டு தாள்களையும் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஓவியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. என் பதவியைப் பற்றி இதில் எதுவும் கேட்கவில்லை. அதற்குத் தனி மனு வரும்.

7. அவசரத்துக்கு ஒரு காரணம் உண்டு. மாணவியின் தாயார் நேற்று என் வீட்டுக்கு வந்திருந்தார். “எந்நேரமும் சோத்தாங்கையால கோடு போட்டுப் பழகுறா சார். கேட்டா, எல்லாரும் போடுற மாதிரி போட்டா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கம்மாங்குறா” என்றார்.

அவள் பழகி முடிப்பதற்குள் உத்தரவிடுங்கள், ஐயா.

அருவருப்பை அடக்கிக்கொண்டு, மரியாதையுடன்,

(ஒப்பம்)
முதல்வர்

இடம்: என் வீடு
நாள்: மார்ச் 14