நின்று பரிமாறியவள்

அக்டோபர் 24

இன்று கல்லூரியில் ஒரு பெரிய மனிதர் வந்து மதியம் முழுக்கக் கழுத்தறுத்தார். மதிப்பெண் மட்டும் போதாதாம், தொழிலில் நாலு பேரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டுமாம். இதைச் சொல்ல ஜெர்மனியிலிருந்து ஆள் வரணுமா? என் அப்பாவே சொல்வார்.

படிப்பு முடிந்ததும் விடுதியைக் காலி செய்ய வேண்டும். வேலை கிடைத்தால் இங்கேயே, பெல்கிரேடில். இல்லாவிட்டால் சொந்த ஊரான ஸாயெச்சாரில் அப்பாவின் டயர் கடை. அது மட்டும் வேண்டாம்.

நவம்பர் 3

கோடையில் பயிற்சி எடுத்த, பாலங்கள் வடிவமைக்கும் அலுவலகத்துக்குச் சான்றிதழ் வாங்கப் போனேன். அதை நடத்தும் மொம்ச்சிலோ சார் கோட்டை மாட்டிக்கொண்டே, “இருபத்தொண்ணாம் தேதி எங்க வீட்டுப் புனிதர் நாள்” என்றார். அவ்வளவுதான். குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கு வருடா வருடம் வைக்கும் அந்த விருந்துக்கு யாரும் யாரையும் வா என்று அழைப்பதில்லை. வேண்டியவர்கள் தாமே வர வேண்டும். அப்படியானால் நான் வேண்டியவள்!

ஜனவரியில் அங்கே ஓர் இடம் காலியாகிறது. ஒன்றே ஒன்று.

அறைத்தோழி இஸ்க்ராவும் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டாள். என் குறிப்புகளை வைத்துத் தேர்வில் தேறியவள். சரி, தனியாகப் போக எனக்கும் கூச்சம்.

நவம்பர் 21

கால் வீங்கிவிட்டது. ஆனாலும் எழுதியே ஆக வேண்டும்.

இந்த நாளில் வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. புனிதருக்கு மரியாதை, நின்றுதான் பரிமாற வேண்டும். மொம்ச்சிலோ சார் நின்றார், அவர் மனைவி விதோசவாவும் நின்றார். என் மனதில் ஒரு கணக்கு ஓடியது: நிற்பவர்கள் வீட்டு மனிதர்கள், உட்கார்ந்தவர்கள் வெறும் விருந்தாளிகள். நான் வீட்டு மனுஷி ஆகிவிட்டால் அந்த இடம் வேறு யாருக்குப் போகும்? சூப்புப் பானையோடு விதோசவா தடுமாறியபோது எழுந்து வாங்கிக்கொண்டேன். உடனே என் கழுத்தில் ஒரு ஏப்ரனை மாட்டினார். எனக்குச் சிலிர்த்தது.

பாலம் கட்டுகிற பெரிய ஆள்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் என் கையால்தான் பன்றிக்கறி அடைத்த முட்டைக்கோஸ். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சிரித்தேன். இஸ்க்ரா என்ன செய்தாள்? உட்கார்ந்தாள், தின்றாள், மொம்ச்சிலோ சாரின் தொழில் கூட்டாளி போட்ட அறுவைக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தாள். மானம் போகுதுடி என்று காதில் சொல்லிவிட்டுத்தான் அவள் கோப்பையில் ஒயின் ஊற்றினேன்.

“இந்தப் பொண்ணை எங்கே பிடிச்சே?” என்று ஓர் அம்மாள் கேட்டபோது விதோசவா சொன்னார்: “அதுவா வந்துச்சு.”

கிளம்பும்போது என் கன்னத்தைத் தட்டி, “நீ இல்லன்னா இன்னைக்கு நான் செத்தே போயிருப்பேன்மா” என்றார். இடம் எனக்குத்தான்.

நவம்பர் 22

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவசரக்குடுக்கை நான்.

டிசம்பர் 4

இஸ்க்ராவுக்கு வேலை. அவளுக்கு — எதைக் கிழித்தாள் என்று?

கூட்டாளிதான் கேட்டாராம், துறுதுறுப்பான பெண் என்று. மொம்ச்சிலோ சாரிடம் நேரிலேயே போய்க் கேட்டேன். “அன்னைக்கு நீ யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலையேம்மா. நீ எப்படிப்பட்ட ஆளுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

பேசலையாம்! இரண்டு கையிலும் தட்டு. என்னத்தைப் பேசுவது?

“நீயும் உக்காந்திருக்கலாம்ல?” என்கிறாள் இஸ்க்ரா, தலை வாரிக்கொண்டே. பாவி. நல்லா இருப்பாளா அவ?

ஆனால் என்னை எழுந்திரு என்று யார் சொன்னது?

டிசம்பர் 11

வேறொரு நிறுவனத்தில் நேர்காணல். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். தெரிந்தவர்! நெஞ்சு குதித்தது.

“மொம்ச்சிலோ வீட்ல பரிமாறின பொண்ணுதானே நீ? படிக்கவும் செய்யறியா? பரவாயில்லையே.”

என் வரைபடங்களைப் பிரிக்கவே இல்லை. அந்தப் பன்றிக்கறி எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தார். எனக்குத் தெரிந்திருந்தது. சொன்னேன்.

டிசம்பர் 17

விதோசவா தொலைபேசியில் அழைத்தார். பத்தொன்பதாம் தேதி அவருடைய தோழி வீட்டில் புனித நிக்கோலா நாளாம். “உன்னைப் பத்தி நல்லதா சொல்லி வெச்சிருக்கேன். கறுப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை போட்டுட்டு வா. பின்வாசல் வழியா வந்துடு, என்ன?”

நான் பொறியியல் படிக்கிறவள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். யார் யாரெல்லாம் வருவார்கள் என்று கேட்டுவிட்டேன்.

அமைச்சகத்து ஆள்கள், நெடுஞ்சாலைத் துறைத் தலைவர், எல்லாரும் வருவார்களாம்.

பாவாடைக்கு இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்.