நாற்பத்து நான்காவது தாள்

லக்சா நூடுல்ஸ் சூப் ஆறிப்போகும்வரை பதிலுக்குக் காத்திருந்தவனுக்கு,

சிங்கப்பூர் காத்தோங்கில் அந்த லக்சா கடையில் நீ மோதிரத்தை நீட்டினாய். "இந்த டீல் முடியட்டும்" என்றேன். மூன்று மாதமாக அதே பாட்டு. நேற்று முடிந்தது.

எங்கள் வக்கீல் நிறுவனத்தில் கையெழுத்துத் தாள்களை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வோம். கடைசி நாளில் எல்லாத் தரப்பும் போனில் "விடுவிக்கிறோம்" என்று சொன்னால்தான் அவை செல்லுபடியாகும். அதுவரை வெறும் காகிதம்.

நேற்று என் மேலதிகாரி மிஸ் சியா எண்ணிப் பார்த்தார். நாற்பத்து மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்து நான்கு!

"யாரும்மா இந்த டெஸ்மண்ட் குவெக்? எந்தக் கம்பெனி டைரக்டர்?"

ஜகார்த்தா, ஹாங்காங் வக்கீல்களெல்லாம் லைனில் இருக்கிறார்கள்.

"டைரக்டர் இல்ல மேடம். கணக்கு வாத்தியார்."

நீ கேட்ட மறுநாளே நம் கல்யாணத்துக்கென்று நான் டைப் அடித்து, கோப்புக்குள் ஒளித்து வைத்த தாள் அது. கையெழுத்துக்கு இரண்டே கோடுகள். ஒன்றில் என் கையெழுத்து.

"கையெழுத்துப் போட்டுட்டு மூணு மாசமாப் பிடிச்சு வெச்சிருக்கியா? பாவம்மா அந்த ஆளு!" என்றார் மிஸ் சியா. ஜகார்த்தா விழுந்து விழுந்து சிரித்தது.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கோடு இன்னும் காலி.

என் பக்கம், விடுவிக்கிறேன்.

இப்படிக்கு,
முதல் தரப்பு